முற்றுப்பெறா வழிநூல்: ‘போக்கிமான் பிரிசம்’ என்னும் விளையாட்டைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்திற்கு அணித்தாய் வல்லக்கோட்டை என்னும் ஊர் உளது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற முருகன் தலம் அது. வல்லன் என்னும் அசுரன் முருகனால் அடக்கப்பட்டான் என்றும், அவ்வூர் தன் பெயரால் வழங்குதல் வேண்டும் என இரந்து அவன் அவ்வரத்தைப் பெற்றான் என்றும் தலபுராணம் கூறும். அதற்கு வடக்கே உள்ள திருப்பெரும்புதூருக்குப் பூதபுரி என்பது புராணப் பெயர்; சிவபெருமானின் சினத்திற்கு ஆளான பூதகணங்கள் திருமாலை வழிபட்டு உய்ந்த இடம் அது என்பர். இவற்றை வரலாறாகக் கொள்ளுதல் வேண்டா. ஆயினும், வென்ற பூதத்தை அழித்தொழியாது, அதற்குப் பெயரும் இடமும் நல்கித் தன்னோடு வைத்துக்கொள்ளுதல் என்னும் கருத்து இந்நிலத்தில் நெடுநாள் வழங்கியது என்பதற்கு இவை சான்றாகும். சூரபதுமன் மயிலும் சேவலும் ஆகிய செய்தியைக் கந்தபுராணம் பயின்றார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அசுரன் பெயரும் பூதத்தின் பெயரும் நிலைத்த இவ்விரண்டு ஊர்களையும் சூழ இன்று ஆலைகள் நிறைந்துள்ளன. திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006 முதல் 2014 வரை கைப்பேசிகளைச் செய்தது. இன்று அவ்வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. கைப்பேசி செய்யும் இளைஞரும், செய்யாது அதனை விலைக்குக் கொள்ளும் இளைஞரும், ஓய்வு வேளையில் அதில் விளையாடுகின்றனர். அவ்விளையாட்டுகளுள் உலகெங்கும் பெயர் பெற்ற ஒன்று, பூதங்களை வென்று பிடித்துத் துணைவராக்கிக் கொள்ளும் போக்கிமான் என்பது. அதனை முதனூலாகக் கொண்டு அன்பர் ஒருவர் இயற்றத் தொடங்கி, முற்றுவிக்க இயலாது தடுக்கப்பட்ட ‘போக்கிமான் பிரிசம்’ என்னும் படைப்பே இக்கட்டுரையின் பொருள். தமிழாராய்ச்சி இதழில் இதற்கு இடம் என்னை என வினவுவார் உளராகலாம். நூலின் வகை, அதன் சார்பு, படிகளின் வேறுபாடு, இடைச்செருகல் என நாம் ஓலைச்சுவடிகளை வைத்து ஆராயும் வினாக்கள் அனைத்தும் இதன்கண் அவ்வாறே எழுகின்றன. இதுவே விடை.

போக்கிமான் என்பது ‘பாக்கெட் மான்ஸ்டர்’ என்னும் தொடரின் மரூஉ. சட்டைப்பைப் பூதம் எனலாம். ஜப்பானில் 1996 பிப்ரவரி 27ஆம் நாள் சிவப்பு, பச்சை என இரு வடிவாய், நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்னும் கையடக்கப் பொறிக்கு இது வெளிவந்தது. இதனை வகுத்த சதோசி தஜிரி இளமையிற் பூச்சிகளைத் திரட்டி மகிழ்ந்தவர். அம்மகிழ்ச்சியே விளையாட்டுக்கு வித்தாயிற்று. 151 பூதங்களோடு தோன்றிய அவ்வுலகம் பின்னர் விரிந்தது. 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ‘கிரிஸ்டல்’ என்னும் வடிவமே நாம் ஆராயும் பிரிசத்துக்கு நேர் மூலம்.

கூல்பாய்மேன் என்னும் புனைபெயருடையார் ஒருவர், சிவப்பு வடிவத்தை மூலமாகக் கொண்டு 2004இல் ‘போக்கிமான் பிரௌன்’ என்னும் மாற்றுவடிவத்தை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக அவர் கிரிஸ்டலின் மேல் எழுப்பியதே பிரிசம். நால்ஜோ என்னும் புதிய நாடு. மூலத்தில் இல்லாத ஒலி, வளி என்னும் பூதவகைகள். விளையாடுவோன் சிற்சில இடங்களில் மாந்தனாக அன்றிப் பூதமாகவே நின்று நடத்தல். இவை அவர் சேர்த்தவை. ஏறத்தாழ எட்டாண்டு உழைப்பு. ஊதியம் இல்லை. 2016ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் வெளியிடுவதாக அறிவித்திருந்தார். அதற்கு நான்கு நாள் முன்னர், டிசம்பர் 21ஆம் நாள், நின்டெண்டோவின் வழக்கறிஞர் மடல் வந்தது. அவர் பணியை நிறுத்தினார். அடுத்த சில நாட்களில், இன்னார் என அறியப்படாத சிலர் அதன் படி ஒன்றைப் பொதுவில் விடுத்தனர். அதன்பின் ‘ரெயின்போ டெவ்ஸ்’ என்னும் பெயரில் ஒரு குழுவினர் அப்படியைத் திருத்தித் திருத்தி வெளியிட்டனர். இதுவே நூல் வரலாறு.

இனி, இத்தகைய படைப்பு எவ்வகையது என்பதை நோக்குவாம். தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக விரிப்பர். பவணந்தியார் சார்புநூல் என மூன்றாவதும் கொள்வர். முதனூலின் முடிபோடு ஒத்து நின்று, பின் வந்த ஆசிரியன் தான் விழையும் வேறுபாட்டையும் உடன் அமைப்பது வழிநூல். ஒருபுடை ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்புநூல் என்பது அவர் கருத்தின் சாரம். பூதத்தை வென்று கொள்ளுதல் என்னும் அடிப்படை முடிபில் பிரிசம் கிரிஸ்டலோடு முழுதும் ஒத்து நிற்கிறது. நாடும் கதையும் வகைகளும் வேறுபடுகின்றன. எனவே இதனை விரித்தல் வகைப்பட்ட வழிநூல் எனல் பொருந்தும்.

இவ்வாறு பெயரிடுதல் வெறும் ஒப்புமை விளையாட்டு அன்று. நம் இலக்கணம் பிறர் நூலின் வழி நூல் செய்தலை ஒரு முறையாக ஏற்று, அதற்கு விதியும் வகுத்துள்ளது. இக்காலச் சட்டமோ, உரிமையுடையார் இசைவு இன்றி எழுந்த வழிநூலைத் தனி நூலாக வாழ விடுவதில்லை. தமிழுலகில் இதற்கு அணித்தான நிகழ்ச்சி, கல்கியின் பொன்னியின் செல்வன் கதையைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை இயற்றியமை. அதனை எவரும் திருட்டு எனக் கூறிற்றிலர். கல்கியை விரும்பினோர் அதனையும் விரும்பிப் படித்தனர். ஆனால் அங்கு வழிநூலாசிரியர் தம் சொல்லால் முழுநூலைத் தாமே எழுதினார். பிரிசத்தின் நிலை அதனின் வேறு. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

கேம் பாய் விளையாட்டு ஒரு சிறு பேழையில் உறையும் எண்களின் கோவை. கிரிஸ்டலின் பேழையில் உள்ளவை இருபது இலட்சத்துக்குச் சற்று மிகுந்த பைட்டுகள். பைட்டு என்பதனை இங்கு எழுத்து என வைத்துக்கொள்வோம். வழிநூல் செய்வோர், மாற்றிய கோவை முழுவதையும் வழங்குவதில்லை. வழங்கின், அதனுள் நிறுவனத்துக்கு உரிய மூலமும் உடன் செல்லும். ஆதலின் ‘பேட்ச்’ என்னும் ஒட்டுக்கோப்பு ஒன்றை மட்டும் வழங்குவர். மூலத்தின் இத்தனையாவது இடத்தில் தொடங்கி இத்தனை எழுத்தை நீக்கி இவற்றை வைக்க என்னும் கட்டளைகளின் பட்டியலே அக்கோப்பு. மூலத்தைத் தாமே பெற்றுடையார் அதன்மேல் இதனை ஏற்றினால் புதிய விளையாட்டு தோன்றும். ஏற்றாக்கால் இஃது ஒன்றற்கும் பயன்படாது. இக்கோப்புகளின் வகை பலவாயினும் அடிப்படை ஒன்றே. அவற்றுள் பழையதும் எளியதுமாகிய ‘ஐபிஎஸ்’ வகைக் கோப்பு, தொடக்கத்தில் ‘பேட்ச்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும், முடிவிற் கோப்பு முற்றிற்று எனப் பொருள்படும் மூன்றெழுத்துக் குறியையும் கொண்டிருக்கும். படைப்பு அரைகுறையாயினும் அக்குறி தவறாது நிற்கும். ஏட்டின் இறுதியில் ‘முற்றும்’ என எழுதிய கையை நம்பி நூல் நிறைவுற்றது எனத் துணிந்து இடர்ப்பட்டோர்க்கு இது வியப்பன்று.

இவ்வொட்டுக்கோப்பை ஒத்தது நம்மிடத்தும் உண்டு. பழைய உரைச்சுவடிகள் சிலவற்றில் மூலச்செய்யுள் முழுதும் எழுதப்படுவதில்லை. முதற்குறிப்பாக ஓரிரு சொற்களே நிற்க, உரை மட்டும் தொடரும். மூலம் மனத்திலோ வேறு ஏட்டிலோ உடையார்க்கே அவ்வுரை விளங்கும். மூலம் அழிந்தால் உரையும் பாதி அழிந்ததே. பிரிசம் வாழ்வதும் இத்தகைய வாழ்வே. தன்னைத் தடுத்த நூலையே தன் உடலாகக் கொண்டது அது.

முற்றுப்பெறாமை என்னும் சொல்லையும் இங்கு வரையறுத்தல் நலம். பெருங்கதைக்கு முதலும் இறுதியும் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. இவை முற்றுப்பெற்றுப் பின் அழிந்தவை. ‘அமரதாரா’ முற்றுப்பெறாதிருந்தது, 1954 டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தமையால். தந்தையின் குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் சிவஞான முனிவராலும் இரண்டாங்காண்டம் அவர் மாணவர் கச்சியப்ப முனிவராலும் இயன்றது. இவற்றில் ஆசிரியர் கை ஓய, உரிமையுடைய மற்றொரு கை தொடர்ந்தது. பிரிசத்திலோ ஆசிரியர் உயிரோடு இருக்க, அறிவும் ஆர்வமும் குன்றாதிருக்க, கை மட்டும் விலக்கப்பட்டது. தொடர்ந்த கைகளுக்கு அவர் இசைவு கொடுத்தார் என வெளிப்படக் கூறவும் வழியில்லை. கூறின் அதுவே அவர்மேற் குற்றமாய் முடியும். இங்ஙனம் ஆசிரியர் வாய் திறக்கலாகாத நூல் ஒன்றைப் பதிப்பாராய்ச்சி இதற்குமுன் அரிதாகவே கண்டிருத்தல் கூடும்.

இதனால் எழும் சிக்கல் பெரிது. 2016 டிசம்பரில் வெளிப்பட்ட படி, ஆசிரியர் ‘இது முடிந்தது’ எனக் கூறி விடுத்தது அன்று. இறுதித் திருத்தம் பெறாத படி. பின்வந்த திருத்தப்படிகளுள் எது பிழைநீக்கம், எது புதுச்சேர்க்கை? படிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வேறுபாடுகளை ஒன்றும் தப்பாது பட்டியலிடக் கணிப்பொறி நொடிப்பொழுதில் வல்லது. சுவடிப் பதிப்பாளர் ஆண்டுக்கணக்கில் கண் மங்க உழைத்துச் செய்த வேலை அது. ஆனால் வேறுபாடு உண்டு என்பதே பொறி கூறும். அஃது எவர் கைப்பட்டது, எக்கருத்தால் எழுந்தது என்பதனைப் பொறி கூறாது. அதனை அறியும் நெறி, பாடவேறுபாடு கண்ட நம் பதிப்பாசிரியர் நெறியே.

நிறுவனத்தின் பக்கம் நீதி இல்லை எனக் கூறுவது நம் கருத்தன்று. பெயரும் உருவும் அவருடையன. அவற்றைக் கொண்டு எவரும் எதனையும் செய்யலாம் எனின், இழிந்த படைப்புகளும் அப்பெயரால் உலவும். அதே 2016 ஆகஸ்டில் ‘போக்கிமான் யுரேனியம்’ என்னும் மற்றோர் அன்பர் படைப்பு, ஒன்பதாண்டு உழைப்பின் பின் வெளிவந்து, சின்னாளில் பதினைந்து இலட்சம் முறைக்கு மேல் இறக்கிக்கொள்ளப்பட்டது. அதனை ஆக்கியோரும் அத்தளத்தினின்று அதனை நீக்க நேர்ந்தது. இத்தனை பெரிய கூட்டம் திரள்வதைக் கண்ட உரிமையாளர் அஞ்சுதல் இயல்பே. எனினும் யுரேனியத்தின் ஆசிரியர்கள் தம் நூலைத் தாமே வெளியிட்டுக் கண்டனர். பிரிசத்தின் ஆசிரியர்க்கு அது கிட்டிற்றில்லை. தடை, படிகளை ஒழிக்கவில்லை. ஆசிரியர் பாடத்தையே ஒழித்தது. இவ்வேறுபாட்டைச் சட்டம் பேசுவோர் உணர்ந்ததாகத் தோன்றவில்லை.

முதனூல் என நாம் போற்றுவதும் மாசற்ற ஒருமையுடையதன்று. 1996ஆம் ஆண்டு விளையாட்டு வெளிவருதற்குச் சற்று முன்னர், சோதனைக்கருவிகளை நீக்கியதால் பேழையில் முந்நூறு பைட்டு அளவினதாய் வெற்றிடம் தோன்ற, சிகெகி மொரிமோட்டோ என்னும் பணியாளர் அதில் ‘மியூ’ என்னும் பூதத்தை விளையாட்டாகச் செருகினார். பின்னர் அதுவே பெரும்புகழ் பெற்றது. இடைச்செருகல் மூலமாய் விளங்கும் இவ்வியல்பு நமக்குப் பழகியதே. மேலும், 1997 நவம்பரில் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்ட தங்கம், வெள்ளி என்னும் வடிவங்களின் முந்துபடி 2018இல் வெளிப்பட்டது. இறுதி வடிவத்தில் விலக்கப்பட்ட பூதங்கள் பல அதனுட் காணப்பட்டன. உரிமையாளரின் கைவிடப்பட்ட வரைவையும் அன்பரின் தடுக்கப்பட்ட வரைவையும் ஒருங்குவைத்துப் படிக்கும் மாணவர், ஒன்று சட்டத்துக்கு உட்பட்டது மற்றொன்று படாதது என்பதன்றி, அமைப்பில் இரண்டும் ஒரே இனம் எனக் காண்பர்.

முன்னர்ச் சுட்டிய ஐபோனுக்கு மீள்வோம். பழைய பொறிகளைப்போல் நடிக்கும் ‘எமுலேட்டர்’ என்னும் செயலிகளை ஆப்பிள் நிறுவனம் தன் கடையில் நெடுங்காலம் விலக்கி, 2024 ஏப்ரலில்தான் இசைந்தது. ஆகவே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் பொருத்தப்படும் ஒரு கைப்பேசியில், 2000ஆம் ஆண்டின் பேழையையும் அதன்மேல் ஏறிய ஒட்டினையும் திறந்து படித்தல் இன்று எளிதாயிற்று. கருவி கையில் உளது. செய்யத்தக்கவை எஞ்சியுள்ளன: ஒவ்வொரு படிக்கும் நாளும் மூலமும் குறித்தல், பாடவேறுபாடுகளைப் பிழைநீக்கம், சேர்க்கை, நீக்கம் எனப் பிரித்தல், அக்கால அறிவிப்புகளிலும் முன்னோட்டப் படங்களிலும் ஆசிரியர் காட்டிய பகுதிகளோடு அவற்றை ஒப்பிடுதல். முன்னோட்டத்திற் கண்டது பின்வந்த படியில் இல்லையெனின், அதுவும் ஒரு சான்றே. இவற்றை அறிந்தோர் நினைவு மங்குமுன் இது நிகழ்தல் வேண்டும். பாடத்தைக் கேட்டறிய ஆசிரியர் உள்ள காலத்திலேயே பதிப்புப் பணி தொடங்கும் வாய்ப்பு உ. வே. சாமிநாதையருக்குக் கிட்டாதது.

கிரிஸ்டல் 2000இல் வெளிவந்ததாகலின், அமெரிக்கச் சட்டம் நிறுவனப் படைப்புகளுக்கு வகுத்த 95 ஆண்டு உரிமைக்காலம் 2095 இறுதியில் முடியும். அதுவரை பிரிசத்தை முழுநூலாகப் பதிப்பித்து வழங்குதல் இயலாது. வேறுபாட்டுப் பட்டியலையும் அதற்குரிய ஆராய்ச்சிக் குறிப்பையும் எழுதுதற்கு அத்தனை நாள் காத்திருக்க வேண்டுவதில்லை.