நாற்சந்தியில் 32 இடங்கள்



நான்கு சாலைகள் கூடும் ஒரு நாற்சந்தி. சிக்னல் இல்லை, போக்குவரத்துக் காவலரும் இல்லை. அங்கே இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள இடங்கள் எத்தனை தெரியுமா? ஒவ்வொரு பக்கமும் ஒரே வரிசையில் வண்டிகள் வந்தாலே, மொத்தம் 32 என்கிறது சாலைப் பொறியியல். வண்டிகள் பிரியும் இடங்கள் 8. வந்து சேரும் இடங்கள் 8. ஒன்றின் பாதையை இன்னொன்று குறுக்கே வெட்டும் இடங்கள் 16. மிகவும் ஆபத்தானவை இந்த 16தான். வலப்பக்கம் திரும்பும் வண்டி, எதிரே நேராக வரும் வண்டியின் முன்னால் புகுவதும் இதில் அடக்கம்.

அதே சந்திப்பின் நடுவில் ரவுண்டானா அமைத்தால், 32 என்பது 8 ஆகிவிடுகிறது. எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவதால், குறுக்கே வெட்டும் இடம் ஒன்றுகூட மிஞ்சாது. வேகமும் தானாகக் குறையும்.

ஆனால் அதற்கு ஒழுங்கு வேண்டும். பிரிட்டனில், நுழைகிறவர்கள் முண்டியடித்ததால் ரவுண்டானாக்கள் அடைத்துக்கொண்டன. ஏற்கெனவே உள்ளே சுற்றும் வண்டிக்கே முதல் உரிமை என்று 1966-ல் அங்கே விதி வந்தது. அடைப்பு குறைந்தது.

நமக்கும் அதுவே முறை. ரவுண்டானாவை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். வலப்பக்கம் பாருங்கள். சுற்றிவரும் வண்டிக்கு வழிவிட்டு, அதன்பிறகு நுழையுங்கள். சில விநாடிப் பொறுமை ஓர் உயிரைக் காக்கும்.