தீர்மானப் புத்தகமும் ஊர் நலமும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஊராட்சி என்றவுடன் தேர்தலும் தலைவர் பதவியுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. தேர்தல் ஐந்தாண்டுகட்கு ஒருமுறை வருவது. ஊராட்சியின் வாழ்வோ நாள்தோறும் நடைபெறும் சிறு அலுவல்களில் அடங்கியுள்ளது. குழாயில் நீர் வருதல், தெருவிளக்கு எரிதல், சாக்கடை அடைபடாதிருத்தல், வரி வசூலாதல், கணக்கு எழுதப்படுதல் ஆகியவை செவ்வனே நடைபெறின் ஊர் செழிக்கும். இவ்வலுவல்கள் யாவும் ஓர் ஏட்டில் தொடங்குகின்றன. அதுவே தீர்மானப் புத்தகம். அதனை முறையாகக் கையாளும் வகையை உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம். சேலம் மாநகரின் வடபால், சேர்வராயன் மலையடிவாரத்தை அடுத்துள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஓர் ஊரை மனத்திற்கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

பழைய மரபு

ஊர்க் காரியங்களை ஊராரே கூடி முடிவு செய்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏறத்தாழ கி.பி. 920-ஐ ஒட்டியவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியவராகார் என்பது அவ்விதிகளுள் ஒன்று. கணக்கே ஊராட்சியின் உயிர்நாடி என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

விடுதலைக்குப் பின், பல்வந்தராய் மேத்தா குழு 1957-இல் தன் அறிக்கையை அளித்தது. சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் 1958-இல் இயற்றப்பட்டது. அதன்வழி ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 24-4-1993 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிறந்தது. இன்றைய ஊராட்சிகள் இச்சட்டத்தின் கீழ் இயங்குகின்றன.

கிராம சபை

ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு. மன்றம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் உறுப்பினரும் கொண்டது. கிராம சபையோ, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் உறுப்பினராகக் கொண்டது. மன்றத்தின் பதவிக்காலம் முடிவுறும்; கிராம சபைக்கு முடிவில்லை.

சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது நெடுநாள் வழக்கம். 2022-ஆம் ஆண்டு முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டன. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமாயின் ‘கோரம்’ எனப்படும் குறைந்த அளவு வருகை வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருத்தல் வேண்டும். வேலை நெருக்கடியில் உழவர் வாராதொழிந்தால் கூட்டம் பெயரளவினதாகிவிடும். வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டு உடனே வீடு திரும்புவதாலும் பயனில்லை. வரவு செலவுத் திட்டம், ஆண்டுத் திட்டம், தணிக்கை அறிக்கை ஆகியவை சபையின் முன் படிக்கப்படும்பொழுது அமர்ந்து கேட்டு வினவுதலே உறுப்பினரின் கடமை.

குறை தீர்மானமாவது எவ்வாறு?

சேலம், நாமக்கல் சமவெளி பெரும்பாலும் பாறைநிலம். கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றுவது ஆண்டுதோறும் காணும் துன்பம். ஒரு தெருவில் பதினைந்து நாட்களாகக் குடிநீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மக்கள் தலைவரிடம் முறையிடுகின்றனர். தலைவரும் ஆவன செய்வதாகக் கூறுகின்றார். அம்முறையீடு வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டால் அடுத்த கோடையிலும் அதே தெருவில் காலிக் குடங்களே வரிசையில் நிற்கும்.

அக்குறை கூட்டத்தின் பொருள் நிரலில் இடம்பெற்றுத் தீர்மானமாக வேண்டும். ஆனால், “குடிநீர் வசதி செய்து தர வேண்டுமெனத் தீர்மானிக்கப்பட்டது” என்று ஒரே வரியில் முடியும் தீர்மான நகல்கள் ஒன்றிய அலுவலகத்தில் நம்மிடம் மிகுதியாக வருகின்றன. எத்தெருவுக்கு, எத்தனை வீடுகளுக்கு, மோட்டார் பழுதா, கிணறு வற்றியதா, குழாய் உடைந்ததா என்பன ஒன்றும் அதில் விளங்குவதில்லை. பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க இயலாமல் நகல் கோப்பிலேயே தங்கிவிடுகின்றது. இடம், பயன்பெறும் வீடுகளின் எண்ணிக்கை, குறையின் தன்மை, செய்ய வேண்டிய வேலை, செலவை ஏற்கும் நிதி ஆகிய ஐந்தும் அடங்கிய தீர்மானமே நடைமுறைக்கு உதவும். அதன்மேல்தான் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, வேலை, அளவெடுப்பு, பணம் வழங்கல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும்.

தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதி உரக்கப் படித்துக் காட்டுதல் வேண்டும். வெற்றுத் தாளில் கையொப்பம் பெற்றுப் பின்னர் நிரப்பும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அதனை அறவே ஒழித்தல் வேண்டும். உடன்படாத உறுப்பினர் தம் மறுப்பைப் பதிவு செய்யுமாறு கேட்கத் தயங்கலாகாது.

மகளிர் உறுப்பினர் குறித்தும் ஒன்று கூறல் வேண்டும். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி மகளிர்க்கென 2016-இல் சட்டத்திருத்தம் செய்யப்பட்டது. ஆயினும் மனைவியின் இருக்கையில் கணவர் அமர்ந்து பேசும் காட்சி சில ஊர்களில் இன்னும் மறையவில்லை. குடிநீர்க் குறையை நாள்தோறும் சுமப்பவர் பெண்மக்களே. அவர் வாயால் வரும் தீர்மானத்தில் உண்மை மிகுதியாக இருக்கும்.

வரியும் கணக்கும்

தீர்மானத்துக்குப் பணம் வேண்டும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை ஊராட்சியின் சொந்த வருவாய். மாநில நிதிக் குழு, மத்திய நிதிக் குழு ஆகியவற்றின் பரிந்துரைப்படி மானியமும் வருகின்றது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக் குழு பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது. மானியப் பணத்தை இன்னதற்கு என்று விதித்தபடியே செலவிட வேண்டும். இரவில் எரிந்துபோன மோட்டாரை மறுநாளே பழுதுபார்க்கக் கைகொடுப்பது சொந்த வருவாயே. ஆதலால் வரி செலுத்தாதவர் தம் தெருவின் குழாயைத் தாமே அடைக்கின்றார் எனலாம்.

காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையொப்பமிடும் முறை பணத்துக்குப் பாதுகாப்பாக வகுக்கப்பட்டது. தனிப்பட்ட பகையாலோ சாதி வேற்றுமையாலோ ஒருவர் கையொப்பமிட மறுத்தால், துப்புரவுப் பணியாளரின் கூலியும் மின்கட்டணமும் நின்று, துன்பம் முழு ஊருக்கும் வந்து சேரும். மறுப்புக்குத் தக்க காரணம் இருப்பின் அதனை எழுத்தில் தருவதே முறை.

நகரை ஒட்டிய ஊர்கள்

மாநகரை அடுத்த ஊர்களில் விளைநிலங்கள் மனைகளாக மாறி வருகின்றன. புதிய வீடுகள் வரிப் பட்டியலில் ஏறாவிடில் பழைய குடிகளின் வரியைக் கொண்டே புதிய தெருக்களுக்கும் விளக்கும் நீரும் தர வேண்டியிருக்கும். வாய்க்காலும் ஓடைப் புறம்போக்கும் மறைந்தபின் வருந்திப் பயனில்லை. அவற்றின் எல்லையை அளந்து காட்டுமாறு வருவாய்த் துறையை வேண்டும் தீர்மானம் காலத்தில் நிறைவேற வேண்டும். மாநகராட்சியுடன் இணைக்கும் பேச்சு எழும்பொழுதும், ஊராரின் கருத்துக்கு எழுத்துச் சான்றாக நிற்பது கிராம சபைத் தீர்மானமே.

இடைக்காலம்

சேலம், நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரியில் நிறைவுற்றது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. இதற்கு முன் 2016 முதல் 2019 வரையிலும் இவ்வாறே நேர்ந்ததுண்டு. இத்தகைய காலங்களில் முன்னாள் உறுப்பினர்களும் பொதுமக்களும் நமக்கென்ன என்று ஒதுங்கிவிடுதல் பெருந்தவறு. மன்றம் இல்லாதபொழுது ஊரின் குரலாக எஞ்சி நிற்பது கிராம சபை ஒன்றே. தனி அலுவலர் வெளியூரினர். எத்தெருவில் எக்குறை என்பதை ஊரார் சொன்னாலன்றி அவர் அறியார்.

ஆகவே, அடுத்த கிராம சபைக்கு வரும்பொழுது ஒவ்வொருவரும் சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பாராக. எது நிறைவேறியது, எது நிலுவையில் உள்ளது, நிலுவைக்குக் காரணம் யாது என்று வினவுவாராக. ஒவ்வொரு கூட்டத்திலும் இவ்வினா எழுமாயின் தீர்மானங்கள் ஏட்டளவில் நின்றுவிடமாட்டா. குழாயில் நீராகவும் தெருவில் விளக்காகவும் ஊராரை வந்தடையும்.