பொய்க் காயம், மெய்ப் பயிற்சி

ஒரு பேருந்து கவிழ்ந்து 12 பேர் படுகாயம் அடைகிறார்கள். இது பேரிடரா? கோலாலம்பூர் மருத்துவமனையைக் கேட்டால், வேலை மிகுந்த ஒரு நாள் என்று சொல்லக்கூடும். அதே 12 பேர் இரவு 2 மணிக்குச் சபாக் பெர்ணம் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனைக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ வந்தால் நிலைமையே வேறு. மருத்துவத் துறையில் பேரிடரை இறந்தவர் தொகையைக் கொண்டு மட்டும் அளப்பதில்லை. வந்து சேருபவர்களின் தேவை, அந்நேரம் அங்கிருக்கும் ஆட்களையும் கட்டில்களையும் இரத்தத்தையும் ஆக்சிஜனையும் மிஞ்சிவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால், சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார் வட்டாரத்தில் இருக்கும் நமக்குப் பேரிடர் நகரத்தாரைவிடச் சீக்கிரமே வந்துவிடும்.

தூரத்துக் கதையும் அல்ல. 2025 மே 13 அன்று, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் லோரியும் கல் ஏற்றி வந்த லோரியும் மோதிக்கொண்டதில் 9 போலீசார் மாண்டார்கள். நமக்கு அடுத்த மாவட்டத்து விபத்து அது.

இத்தகைய வேளையில் மருத்துவருக்கும் தாதியருக்கும் பெரிய இடைஞ்சலாக இருப்பது அவர்களுடைய நல்ல பழக்கமே. வழக்கமான நாளில், மிக மோசமாக இருக்கும் நோயாளியைச் சுற்றி நாலைந்து பேர் நின்று எல்லாவற்றையும் செய்து பார்ப்பார்கள். அதுதான் முறை. ஒரே நேரத்தில் 40 பேர் கிடக்கும் இடத்தில் அப்படிச் செய்தால், காப்பாற்றக்கூடிய பலர் காத்திருந்தே போய்விடுவார்கள். அங்கே முதலில் வருபவர் யாருக்கும் முழுச் சிகிச்சை தரக்கூடாது. ஆளுக்கு ஒரு நிமிடத்திற்குள் பார்த்து, நிற அட்டை கட்டிவிட்டு நகர வேண்டும்.

இப்படித் தரம் பிரிக்கப் பல முறைகள் உள்ளன. 1983இல் கலிபோர்னியாவில், ஒரு மருத்துவமனையும் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் சேர்ந்து உருவாக்கிய ‘ஸ்டார்ட்’ முறை பலரும் அறிந்தது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போங்கள் என்று குரல் கொடுப்பார்கள். எழுந்து போகிறவர்களுக்குப் பச்சை. மீதிப் பேரில் மூச்சு இல்லாதவரின் மூச்சுப் பாதையைத் திறந்து பார்ப்பார்கள். மூச்சு திரும்பினால் சிவப்பு. திரும்பாவிட்டால் கறுப்பு (வெள்ளை அட்டை கட்டும் நாடுகளும் உண்டு). நிமிடத்திற்கு 30க்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. அடுத்து, விரல் நகத்தை அழுத்தி விடுவார்கள். வெளுத்த நகம் மீண்டும் சிவக்க 2 வினாடிக்கு மேல் ஆனால் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள், அதுவும் சிவப்பு. கடைசியாக, “என் கையைப் பிடியுங்கள்” என்பது போன்ற எளிய கட்டளை. அதைச் செய்ய முடியாதவருக்கும் சிவப்பு. எல்லாவற்றிலும் தேறியும் நடக்க முடியாதவருக்கு மஞ்சள்.

உங்கள் நகத்தையே இப்போது அழுத்திப் பார்க்கலாம். என் மாணவர்கள் செய்து பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா சார்?” என்றார்கள். குளிரூட்டிய அறிவியல் கூடத்தில் சிலருடைய நகம் சற்றுத் தாமதமாகவே சிவந்தது. குளிரிலும் இருட்டிலும் இந்தச் சோதனை ஏமாற்றும். அதனால் பின்னாளில் பலர் அதை விட்டுவிட்டு, மணிக்கட்டில் நாடி தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

விதிகளை மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் போதும். அலறுகிற குழந்தைக்குப் பச்சை அட்டை கட்டிவிட்டு, சத்தமே இல்லாமல் கிடக்கும் ஆளிடம் போவதற்குப் புத்தகம் போதாது. அதற்காகத்தான் ஒத்திகை. தன்னார்வலர்களுக்கு மெழுகும் சாயமும் கொண்டு காயம் வரைவார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் அவருடைய மூச்சு, நாடி எண்கள் எழுதிய அட்டை தொங்கும். சிலருக்கு, பத்து நிமிடத்தில் யாரும் கவனிக்காவிட்டால் மயங்கிவிட வேண்டும் என்ற உத்தரவும் இருக்கும். கத்திக்கொண்டு உறவினரைத் தேடி வருகிறவராக நடிக்கவும் ஆள் உண்டு. ஓரமாக நிற்கும் மதிப்பீட்டாளர்கள் கையில் கடிகாரத்தோடு குறிப்பெடுப்பார்கள். செலவு குறைந்த வடிவமும் உண்டு: வரைபடத்தை மேசையில் விரித்து, பொறுப்பாளர்களை உட்காரவைத்து, “இப்போது மின்சாரம் போய்விட்டது, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுக்கொண்டே போவது. மேசைப் பயிற்சி முடிவெடுப்பதைச் சோதிக்கும்; கை வேகத்தைச் சோதிக்காது.

பலன் உண்டா? அமெரிக்காவின் சியூ சிட்டி விமான நிலையம் நல்ல எடுத்துக்காட்டு. பெரிய விமானங்கள் வழக்கமாக வந்து போகாத அந்த ஊரில், ஒரு பெரிய விமானம் விழுந்தால் என்ன செய்வது என்று 1987இல் ஒத்திகை பார்த்தார்கள். அது கற்றுத் தந்ததை வைத்துத் திட்டத்தைத் திருத்தி, சுற்றுவட்டார ஊர்களின் உதவியையும் சேர்த்துக்கொண்டார்கள். 1989 ஜூலை 19 அன்று, கட்டுப்பாட்டை இழந்த யுனைடெட் 232 விமானம் அங்கேயே வந்து விழுந்தது. விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். எல்லாப் புகழையும் ஒத்திகைக்கே கொடுத்துவிட முடியாது. மருத்துவமனைகளில் வேலை மாற்றும் நேரமாக இருந்ததால் இரண்டு பிரிவு ஊழியர்கள் கையில் இருந்தார்கள். விமானம் வருவது முன்கூட்டியே தெரிந்தும் இருந்தது. ஆனால் அத்தனை பேரும் வந்து நின்றாலும், யார் எங்கே நிற்பது என்று தெரியாவிட்டால் கூட்டம்தான் மிஞ்சும்.

நம் நாட்டில், 48 பேர் மாண்ட 1993 ஹைலண்ட் டவர்ஸ் சரிவு ஒரு திருப்பம். அடுத்த ஆண்டு ஸ்மார்ட் மீட்புக் குழு அமைந்தது. 1997இல் தேசிய பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை, பேரிடரில் எந்தத் துறைக்கு என்ன வேலை என்று வகுத்தது. அனைத்துலக விதிப்படி விமான நிலையங்கள் குறிப்பிட்ட கால இடைவெளிக்குள் முழு அளவு ஒத்திகை நடத்தியாக வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளுக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் கருத்து.

ஒத்திகை என்ற பெயரில் நடப்பதெல்லாம் ஒத்திகை ஆகிவிடாது. பிரமுகர் வருகிறார் என்று முன்பே தேதி சொல்லி, காலை 10 மணிக்குக் கூடாரம் போட்டு, ஆம்புலன்சை வரிசையாக நிறுத்தி நடத்தினால் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். யாரும் எதையும் கற்க மாட்டார்கள். முன்னறிவிப்பு இல்லாமல், விடுமுறை நாள் இரவில், பாதி ஊழியர்களோடு நடத்தினால்தான் உண்மை தெரியும்: அழைப்புப் பட்டியலில் இருக்கும் தொலைபேசி எண் மாறிவிட்டது, கூடுதல் தூக்குப் படுக்கை இருக்கும் அறையின் சாவி வீட்டுக்குப் போன ஒருவரிடம் இருக்கிறது, போலீசும் தீயணைப்புப் படையும் மருத்துவக் குழுவும் ஒரே அலைவரிசையில் பேச முடியவில்லை. ஒத்திகை முடிந்த உடனே எல்லாரும் உட்கார்ந்து இவற்றைச் சொல்லி எழுதிக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரம், ஓடியாடிய மூன்று மணி நேரத்துக்குச் சமம்.

எழுதப்பட்ட திட்டங்கள் எளிதில் மறந்துவிடுகிற ஒன்று நம் ஊர்ப் பழக்கம். தோட்டத்தில், கம்பத்தில் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அக்கம்பக்கத்தார் காரிலும் லோரியிலும் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆகவே மருத்துவமனை வாசலுக்கு முதலில் வந்து சேருபவர்கள் பெரும்பாலும் பச்சை அட்டைக்காரர்கள். கட்டில்களெல்லாம் அவர்களால் நிரம்பிய பிறகுதான், நசுங்கிய வண்டியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட சிவப்பு அட்டைக்காரர் வந்து சேருவார். தரம் பிரிக்கும் மேசையை அவசரப் பிரிவின் உள்ளே போடாமல் வாசலுக்கு வெளியே, கார்கள் வந்து நிற்கும் இடத்திலேயே போடச் சொல்வது இதனால்தான்.