கேமரன் மலைக்குப் பணம் ஏறிய கதை தெரியுமா?

பன்னாட்டு நிறுவனங்களைப் பன்னீர் தெளித்து வரவேற்பதற்கென்றே கோலாலம்பூரில் 2011-இல் ஓர் அரசு அமைப்பு தொடங்கப்பட்டது. பெயர் இன்வெஸ்ட் கேஎல். 2020-க்குள் 100 பெரிய நிறுவனங்களைத் தலைநகர் வட்டாரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதற்கு வைத்த இலக்கு. விமான நிலையம், வேக இணையம், பல மொழி பேசும் ஊழியர்கள் என்று காட்டுவதற்கு அதனிடம் நீளமான பட்டியல் இருந்தது.

இதில் எதுவுமே இல்லாத ஒரு காடு, அதற்கு 82 ஆண்டுகளுக்கு முன்பே வெளியூர்ப் பணத்தைத் தன்னிடம் இழுத்துவிட்டது! பகாங் மாநிலத்தின் கேமரன் மலைதான் அது. எதைக் காட்டி இழுத்தது? வாருங்கள், ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்போம்.

கண்டுபிடித்த பிறகும் 40 ஆண்டுகள் சும்மா கிடந்தது தெரியுமா?

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு சொன்ன ஆண்டு 1885. குளிர், மண், தண்ணீர் எல்லாம் அன்றும் அங்கே இருந்தன. ஒரு காசுகூட மலையேறவில்லை! 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற பிரிட்டிஷ் உயரதிகாரி நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அரசு அசைந்தது. தாப்பாவிலிருந்து காட்டைக் குடைந்து சாலை போடத் தொடங்கினார்கள். சாலை வேலை நடக்கும்போதே நிலம் கேட்டு விண்ணப்பங்கள் வந்துவிட்டன.

இன்னொரு வேடிக்கை: தாப்பா இருப்பது பேராக் மாநிலத்தில். பகாங்குக்குச் சொந்தமான மலைக்குப் பகாங்காரர்களே பல பத்தாண்டுகள் பேராக்கைச் சுற்றித்தான் போனார்கள்!

நிலக்கரி முதலாளிதான் தேயிலை நட்டார் தெரியுமா?

ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல். ரவாங் அருகே பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டிய மலாயன் காலியரிஸ் நிறுவனத்தை நடத்தியவர். அவருடன் கைகோத்தவர் இலங்கைத் தேயிலையில் பழம் தின்று கொட்டை போட்ட ஏ.பி. மில்ன். இருவரும் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கிய ஆண்டைக் கவனியுங்கள்: 1929! நியூயார்க் பங்குச் சந்தை கவிழ்ந்த அதே ஆண்டு. உலகமே பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய நேரத்தில், ஒரே ஒரு நீராவி உருளை, கொஞ்சம் கோவேறு கழுதைகள், நிறையக் கூலியாட்கள் என்று கிளம்பியது அந்தக் கூட்டம்.

1933-இல் ரசல் இறந்துபோனார். தோட்டம் மூடப்படவில்லை. இன்று வரை அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அதே 1933-இல் என்ன நடந்தது தெரியுமா?

தேயிலை விலை படுத்துவிட்டதால் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் கூடி ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிக்கொண்டன. புதிதாகத் தோட்டம் போடவும் அங்கே கெடுபிடி வந்தது. அந்த ஆண்டில்தான் இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தின் பாரத் நிறுவனம் மலாயாவில் பிறந்தது! இன்று தானா ராத்தா போகும் வழியில் ‘கேமரன் வேலி’ என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கிறோமே, அது இவர்களுடையது. வெள்ளைக்காரத் துரைமாரின் தொழில் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் ஓர் இந்திய முதலாளி!

இங்கே தேயிலைச் செடிக்கு விடுமுறையே கிடையாது தெரியுமா?

டார்ஜிலிங்கிலும் அசாமிலும் குளிர்காலம் வந்தால் செடி உறங்கிவிடும். பறிப்பு நின்றுபோகும். கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பனிக்காலம் என்ற பேச்சே இல்லை. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். சராசரி வெப்பம் 18 டிகிரி செல்சியஸ் அளவு. மழை ஆண்டு முழுக்க. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே செடியில் மறுபடியும் கொழுந்து தயார்! ஆலை ஒருநாளும் வெறும் வயிற்றோடு கிடப்பதில்லை. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால் ஒரு கிலோ தேயிலை வெளியே வரும்.

இந்த மலைக்காக உலக வங்கியே கடன் கொடுத்தது தெரியுமா?

விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1958-இல், மலாயாவுக்கு உலக வங்கி கொடுத்த முதல் கடன் கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்குத்தான்! 1963-இல் ரிங்லெட் அணை தயாரானது. மலைமுதுகைக் குடைந்து சுரங்கம் வழியே தண்ணீரை மறுபக்கம் பேராக்கில் இறக்கி, ஜோர் மின்நிலையத்தில் 100 மெகாவாட் எடுத்தார்கள். தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய ஆற்று நீர் இப்போது மலாக்கா நீரிணைக்குப் போகிறது!

இந்தக் கணக்கில் செலவுப் பக்கமும் உண்டு. தேயிலைக்குப் பின்னால் காய்கறியும் பூவும் சரிவுகளை வளைத்துக்கொண்டன. அரிக்கப்பட்ட மண் அணைக்குள் இறங்கியது. 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது.



 

காட்சியையும் காசாக்கிவிட்டார்கள் தெரியுமா?

சுங்கை பாலாஸ் தோட்டத்தில் சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக் கட்டிய தேநீர்க்கூடத்தில் உட்கார இடம் பிடிப்பதே பெரும்பாடு. கொழுந்து பறிக்காத சுற்றுலாக்காரரிடமும் தோட்டம் வருமானம் பறிக்கிறது!

இவ்வளவு விளைந்தும் நாட்டுக்குப் போதவில்லை தெரியுமா?

‘போ’ நிறுவனத்தின் கணக்குப்படி அதன் ஆண்டு விளைச்சல் ஏறத்தாழ 40 லட்சம் கிலோ. மலேசியாவில் விளையும் தேயிலையில் ஏறக்குறைய 70 விழுக்காடு அது ஒன்றே! இருந்தும் மலேசியர்களின் தாகம் அடங்குவதாக இல்லை. மாமாக் கடையில் ஆற்றி ஊற்றும் தே தாரிக், நாசி லெமாக்கோடும் ரொட்டி சானாயோடும் சேர்ந்து 2024-இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறிவிட்டது. விளைச்சல் போதாமல் வெளிநாட்டிலிருந்து தேயிலையை வாங்கிக் குவிக்கிறது நாடு. வாசலிலேயே வாடிக்கையாளர்! எந்த முதலாளிக்குக் கசக்கும்?

பட்டியலில் எழுதாத காரணம் எது தெரியுமா?

ஆள்! தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்துக் கங்காணிகள் அழைத்துவந்த ஆள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்ததும் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது மலாயா. 1938-இல் இந்திய அரசு, இனி உடலுழைப்புக்கு ஆள் அனுப்புவதில்லை என்று கதவைச் சாத்தியது. அதற்குள் வந்து சேர்ந்தவர்கள் மலையில் வேர்விட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயம் எழுந்தது, கோயில் எழுந்தது, ‘போ’ தோட்டத்திலும் சுங்கை பாலாஸிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன.

அவர்களின் பிள்ளைகள் படித்து மலையிறங்கினார்கள். இன்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளி ஆனது. இருவர் பிடித்து இழுக்கும் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. செங்குத்துச் சரிவில் மட்டும் இன்னும் கைதான்!

ஆக, முதலாளியை மலைக்கு அழைத்தவை நிலம், சாலை, தட்பவெப்பம், சந்தை. அவரைத் தங்கவைத்தது மலிவான கூலி. நிலத்துக்கும் மின்சாரத்துக்கும் வங்கிகள் கணக்கு எழுதின. கூலிக்காரர் விட்டுக்கொடுத்ததற்கு யாரும் கணக்கு எழுதவில்லை. முதலீட்டுக்கு ஏற்ற ஊர் என்று எந்த நகரம் விளம்பரம் செய்தாலும், திறமையான ஊழியர்கள் குறைந்த செலவில் கிடைப்பார்கள் என்ற வரி அதில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கட்டாயம் இருக்கும்!