கடனுக்கு ஜெயிலுக்குப் போன லண்டன் சீமாட்டி: எம்மா ஹாமில்டனின் கடிதங்கள் சொல்வது என்ன? நம்ம ஊரில் கடன் கட்டாவிட்டால் ஜெயிலா?

"லோன் கட்டலைன்னா போலீஸ் வரும், ஜெயில்தான்." குழுக் கடன் வாங்கிய பெண்கள் அடிக்கடி கேட்கிற மிரட்டல் இது. இந்தியாவில் இது உண்மையா? அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன், நிஜமாகவே கடனுக்காக ஜெயிலுக்குப் போன ஒரு பெண்ணின் கதையைப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் ராணியின் நெருங்கிய தோழியாக இருந்தவர் அவர். கடைசியில் கறி என்ன விலை, பால் என்ன விலை என்று கடிதம் எழுதும் நிலைமைக்கு வந்தார்.

யார் இந்த எம்மா?

1765-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர் எம்மா. பிறந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனார். பிறகு லண்டனில் சார்லஸ் கிரெவில் என்ற பிரபு குடும்பத்து இளைஞரோடு வாழ்ந்தார். ஓவியர் ஜார்ஜ் ராம்னி இவரைத் திரும்பத் திரும்ப வரைந்ததில் ஊரறிந்த முகம் ஆனார்.

கிரெவிலுக்குப் பணக்காரப் பெண்ணைக் கல்யாணம் பண்ண வேண்டிய தேவை வந்தது. "கொஞ்ச நாள் ஊர் சுற்றிப் பார்த்துட்டு வா" என்ற மாதிரி சொல்லி, இத்தாலியின் நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தன் மாமா சர் வில்லியம் ஹாமில்டனிடம் 1786-ல் எம்மாவை அனுப்பிவிட்டார். அங்கே போன பிறகுதான் தன்னைக் கைமாற்றிவிட்டார்கள் என்பதே எம்மாவுக்குப் புரிந்தது. "வந்து கூட்டிட்டுப் போ" என்று கிரெவிலுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகாதவர் என்பதால் பேசுகிற மாதிரியே எழுத்துக் கூட்டி எழுதியிருப்பார். அதனாலேயே அவர் குரலை நேரில் கேட்பது மாதிரி இருக்கும்.

கிரெவில் வரவில்லை. 1791-ல் ஹாமில்டனையே எம்மா கல்யாணம் பண்ணிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு வயது 60, பெண்ணுக்கு 26. நேப்பிள்ஸ் ராணி மரியா கரோலினாவுக்கு நெருங்கிய தோழி ஆனார். பழைய கிரேக்கச் சிலைகள் போல உருமாறி நின்று அவர் நடத்திய நிகழ்ச்சியை ஜெர்மன் கவிஞர் கதே நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

அடுத்து வந்தவர் கடற்படைத் தளபதி நெல்சன். (சிறுவனாகக் கப்பலில் சேர்ந்து 1774-ல் மெட்ராஸ் வரை வந்தவர்தான் இந்த நெல்சன். மறு வருஷம் ஹைதர் அலியின் கப்பல்களோடு நடந்த மோதல்தான் அவர் பார்த்த முதல் சண்டை.) நெல்சனுக்கும் எம்மாவுக்கும் 1801-ல் ஹொரேஷியா என்ற பெண் குழந்தை பிறந்தது.

கடன் எப்படி வந்தது?

1803-ல் ஹாமில்டன் இறந்தார். எம்மாவுக்கு வருஷத்துக்கு 800 பவுண்டு வரும்படி எழுதி வைத்திருந்தார். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் சண்டையில் நெல்சனும் இறந்தார். அன்று காலையில்தான் தன் உயிலோடு ஒரு இணைப்பு எழுதினார்: எம்மாவையும் குழந்தையையும் நாடும் மன்னரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு அதிகாரிகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அரசு என்ன செய்தது? நெல்சனின் அண்ணனுக்குப் பிரபு பட்டமும் வருஷத்துக்கு 5,000 பவுண்டும் கொடுத்தது. பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு 2,000 பவுண்டு ஓய்வூதியம். எம்மாவுக்கு அரசு கொடுத்தது ஒரு பைசாகூட இல்லை.

நெல்சன் தனியாக எழுதி வைத்தபடி மெர்ட்டன் வீடும், அவருடைய சிசிலி எஸ்டேட்டிலிருந்து வருஷத்துக்கு 500 பவுண்டும் எம்மாவுக்கு உண்டு. ஒரு கூலித் தொழிலாளி வருஷத்துக்கு 40 பவுண்டு பார்ப்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. அப்படியும் ஏன் கடன்? எம்மா கை தாராளமானவர், விருந்துக்குக் குறைவே கிடையாது, சொந்தக்காரர்கள் கூட்டமும் வீட்டில். ஊதாரி என்று எழுதித் தள்ளிவிட்டவர்கள் நிறைய. ஆனால் எழுதி வைத்த பணம் நேரத்துக்குக் கைக்கு வரவில்லை என்பதும், அரசு இன்றைக்குக் கொடுக்கும் நாளைக்குக் கொடுக்கும் என்று நம்பியே கடன் மேல் கடன் வாங்கினார் என்பதும் அவருடைய கடிதங்களிலேயே தெரிகிறது. இதே கதை நம்ம ஊரில் எத்தனை வீட்டில் நடக்கிறது!

1809-ல் மெர்ட்டன் வீடு கைவிட்டுப் போனது. 1813-ல் கடன்காரர்கள் வழக்குப் போட, லண்டனின் கிங்ஸ் பெஞ்ச் கடன் சிறைக்கு எம்மா போனார். காசு கட்டினால் சிறைக்கு வெளியே, குறிப்பிட்ட எல்லைக்குள் வாடகை வீட்டில் இருக்கலாம் என்று அப்போது ஒரு ஏற்பாடு உண்டு. 12 வயது ஹொரேஷியாவோடு அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தார். டிரஃபால்கரில் நெல்சன் போட்டிருந்த, தோளில் குண்டு துளைத்த கோட்டு எம்மாவிடம்தான் இருந்தது. அதுவும் கடனுக்கு உதவிய ஸ்மித் என்ற நகரசபைக்காரர் கைக்குப் போனது. 1845-ல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அதை 150 பவுண்டுக்கு வாங்கி கிரீனிச்சுக்குக் கொடுத்தார். இன்றைக்கும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடிதங்களே எதிரியானது எப்படி?

எம்மா தனக்கு எழுதிய கடிதங்களை நெல்சன் பெரும்பாலும் எரித்துவிட்டார். நெல்சன் எழுதியதை எம்மா பத்திரமாக வைத்திருந்தார். 1814-ல் அந்தக் காதல் கடிதங்கள் புத்தகமாகவே வெளிவந்துவிட்டன. "நான் கொடுக்கவில்லை" என்று எம்மா மறுத்தும் பெரிதாக யாரும் நம்பவில்லை. அரசு உதவி கிடைக்க இருந்த கொஞ்சநஞ்ச வாய்ப்பும் அதோடு போச்சு.

இங்கே ஒரு சட்ட விஷயம் சுவாரசியமானது. ஒரு கடிதம் யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்தில் 1741-லேயே போப் எதிர் கர்ல் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது: காகிதம் வாங்கியவருக்குச் சொந்தம், அதில் உள்ள எழுத்தை வெளியிடும் உரிமை எழுதியவருக்குச் சொந்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் அடிப்படை இதுதான். எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் வாரிசுகளிடம் இருக்கும். அவர் உயிரோடு இருந்தவரை வெளியாகாத கடிதம் என்றால், பிறகு முதன்முதலாக வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதாவது, உங்களுக்கு வந்த கடிதம் என்பதாலேயே அதை ஃபேஸ்புக்கில் போடும் உரிமை தானாக வந்துவிடாது.

1814-ல் எம்மா பிரான்ஸின் கலே நகருக்குத் தப்பிப் போனார். அங்கிருந்து எழுதிய கடிதங்களில் மிச்சம் இருப்பது வீட்டுக் கணக்குதான். இங்கே கறியும் பாலும் மலிவு, ஹொரேஷியா ஒரு ஆங்கிலேய அம்மா நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், எனக்குச் சேர வேண்டிய பணத்தை அனுப்பி வையுங்கள். 1815 ஜனவரி 15 அன்று எம்மா இறந்தார். 1881 வரை வாழ்ந்த ஹொரேஷியா, எம்மாதான் தன் அம்மா என்பதைக் கடைசிவரை ஏற்கவே இல்லை.

இந்தியாவில் பெண்ணைக் கடனுக்காகக் கைது செய்யலாமா?

நேரடிப் பதில்: பணக் கடன் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ கோர்ட்டே உத்தரவிட முடியாது. 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 56. ஆண்களுக்கு இந்த விலக்கு கிடையாது. ஆனால் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கட்ட வசதி இல்லாமல் கடனை நிறுத்தியவரை, ஏழை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் வைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு எதிரானது.

சொத்தை ஜப்தி செய்ய முடியுமா? முடியும், பெண் என்றாலும். ஆனால் பிரிவு 60 சில பொருட்களைத் தொடக் கூடாது என்கிறது. அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, அப்புறம் மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றிக் கொடுக்க முடியாத நகை. நம்ம வழக்கத்தில் தாலி.

ஒரு எச்சரிக்கை. செக் கொடுத்து அது பவுன்ஸ் ஆனால் கதை வேறு. அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின் கீழ் குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, பெண்களுக்கு விலக்கு இல்லை. பொய் ஆவணம் கொடுத்துக் கடன் வாங்கினாலும் அப்படித்தான். அதனால் தேதி போடாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முன் பலமுறை யோசியுங்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மிரட்டிக் கடன் வசூல் செய்வதற்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

நெய்வேலி டிரங்குப் பெட்டிகளில் என்ன இருக்கிறது?

எம்மாவின் கடிதங்கள் தப்பியதற்குக் காரணம், சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்கி வைத்தது. நம்ம பக்கம் அப்படி வாங்குகிறவர்கள் குறைவு. வ.உ.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கம்பெனி நடத்தியவர், 1912-ல் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வக்கீல் சன்னதும் இல்லை, கையில் காசும் இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிய 347 ரூபாய் 12 அணா பற்றி 1915-16-ல் அவருக்கும் காந்திக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து மிஞ்சியதால்தான் அந்த வறுமை இன்று ஆதாரத்தோடு நமக்குத் தெரிகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1956-ல் நிறுவனம் தொடங்கிய பிறகு எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள், ஊருக்கு இன்லேண்ட் லெட்டரும் மணியார்டரும் அனுப்பியே குடும்பம் நடத்தினார்கள். தங்கை கல்யாணக் கடன், அப்பா அடகு வைத்த நிலம், மீட்க வேண்டிய நகை எல்லாம் அதில்தான் இருக்கும். ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸ் காலி பண்ணும்போது முதலில் பழைய பேப்பர்காரருக்குப் போவதும் அந்தப் பெட்டிதான்.

போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். துருப்பிடித்த ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணவே பண்ணாதீர்கள். இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும். மடிப்பைப் பிரித்து, நிழலில் வைத்து, இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். முகவரிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். உள்ளே தேதி போடாத கடிதத்துக்கும் தபால் முத்திரையில் தேதியும் ஊரும் இருக்கும். யார் யாருக்கு எழுதியது என்பதைப் பென்சிலால் தனித் தாளில் குறித்து, கூடவே வையுங்கள். வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.