கடித உறைப் பசை உயிரைப் பறிக்குமா?

அமெரிக்காவின் என்பிசி அலைவரிசையில் 1996 மே 16ஆம் தேதி 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரின் ஏழாம் பருவத்து இறுதி அங்கம் ஒளியேறியது. கல்யாணம் என்றாலே நடுங்கும் ஜார்ஜ், இருப்பதிலேயே மலிவான அழைப்பிதழ்களை வாங்குகிறான். மணப்பெண் சூசன் உறைகளை ஒவ்வொன்றாக நக்கி ஒட்டுகிறாள். மயங்கி விழுகிறாள். மருத்துவமனையில் உயிர் பிரிகிறது. மலிவான உறைகளின் பசையில் இருந்த நஞ்சுதான் காரணம் என்கிறார் மருத்துவர்.

இப்படி நடக்குமா?

முதலில் அந்தப் பசை எது என்று பார்ப்போம். நக்கி ஒட்டும் உறைகளில் பெரும்பாலும் பூசப்படுவது வேல மரப் பிசின் அல்லது டெக்ஸ்ட்ரின். கருவேலம் பிசினை நம் நாட்டு மருத்துவம் நன்றாக அறியும். அதே இனத்து ஆப்பிரிக்க மரங்களின் பிசின் குளிர்பானங்களிலும் மிட்டாய்களிலும் சேர்க்கப்படுகிறது. டெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை வறுத்துப் பெறுவது. சோளமாவும் மரவள்ளி மாவும் அதற்கு உதவும். ஆக, சூசன் நக்கியது கிட்டத்தட்ட உணவுப் பொருளைத்தான்.

மலிவுப் பசையில் வேறு ஏதோ கலந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கதையில் சுமார் 200 விருந்தினர்கள். ஓர் உறையில் பத்தில் ஒரு கிராம் பசை என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், மொத்தம் 20 கிராம். அதையும் அவள் முழுதாக விழுங்கவில்லை. விழுங்கியிருந்தால் உறை எப்படி ஒட்டும்?

பசை காய்ந்து வெடிக்காமல் இருக்கச் சில பசைகளில் டைஎத்திலீன் கிளைக்கால் சேர்ப்பதுண்டு. இது உண்மையிலேயே நஞ்சு. 1937இல் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்தில் இதைக் கலந்ததால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் அவர்கள் குடித்தது கரண்டி கரண்டியாக, நாள் கணக்கில். சிறுநீரகம் செயலிழந்து மரணம் வருவதற்கும் சில நாள்கள் பிடிக்கும். நக்கிய அன்றே ஆளைச் சாய்க்காது.

உடனே சாய்க்க வேண்டுமானால் சயனைடு போன்ற ஒன்று வேண்டும். பெரியவர் ஒருவரைக் கொல்ல ஏறக்குறைய 200 மில்லிகிராம் போதும். உறைக்கு ஒரு மில்லிகிராம் என்றாகிறது. அப்போதும் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். உடல் அதில் ஒரு பகுதியை அவ்வப்போது முறித்துவிடும். மீறினால் முதலில் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும்; எவரும் உறைகளைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார். அது இருக்கட்டும், எந்தப் பசைக்காரர் சயனைடை வாங்கிக் கலப்பார்? மலிவுச் சரக்கு என்ற கதையே அங்கு அடிபட்டுப் போகிறது.

எஞ்சுவது கடும் ஒவ்வாமை. அது ஒருவரை நிமிடங்களில் கொல்லக்கூடும். ஆனால் அதற்கு 200 உறைகள் தேவையில்லை, மருத்துவரும் நஞ்சு என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே சூசனின் மரணம் எழுத்தாளர்களின் கற்பனையே. என்றாலும் வேலைக்காக நாக்கையும் உதட்டையும் பயன்படுத்தி மாண்டவர்கள் அதே அமெரிக்காவில் இருந்தார்கள். நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரில், 1917 முதல் இளம்பெண்கள் கைக்கடிகார முகப்பில் இருட்டில் ஒளிரும் ரேடியச் சாயம் தீட்டினார்கள். தூரிகை நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து இழுக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஒரு தடவைக்கு உள்ளே போனது கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் உடல் ரேடியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொண்டது. சில ஆண்டுகளில் பற்கள் உதிர்ந்தன, தாடை அழுகியது, பலர் இறந்தார்கள். நோய்க்கும் சாயத்துக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் சாதித்தது. ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டுடன் முடிந்தது. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். புதைத்த எலும்புகளில் அது இன்னமும் இருக்கிறது.