கையெழுத்து போடும் முன்...

என் மகளுக்கு ஆறு வயதில் டான்சில் ஆபரேஷன் நடந்தது. அரசு ஆஸ்பத்திரியில்தான். தொண்டை வலி, காய்ச்சல் என்று அந்த வருஷம் இரண்டு தடவை காட்டியிருந்தோம். மூன்றாவது தடவை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "பெரிசா இருக்கு, எடுத்துடலாம். அடுத்த வாரம் அட்மிட் பண்ணுங்க" என்றார். நர்ஸ் நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்து போட்டேன். பத்தாவது படித்தவள்தான் நான். ஆனாலும் ஒரு வரி படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஏழாம் நாள் ராத்திரி, பிள்ளை வாயெல்லாம் ரத்தம். தலையணை முழுக்க நனைந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினோம். பிழைத்துக்கொண்டாள்.

பிறகு வேறொரு டாக்டரிடம் காட்டியபோது, "வருஷத்துக்கு எத்தனை தடவை தொண்டை வலி வந்துச்சும்மா?" என்று கேட்டார். மூன்று என்றேன். ஒரே வருஷத்தில் ஏழு தடவையாவது, இல்லையென்றால் இரண்டு வருஷம் தொடர்ந்து ஐந்தைந்து தடவையாவது வந்தால்தான் ஆபரேஷனை யோசிக்க வேண்டுமாம். தூக்கத்தில் மூச்சு அடைத்தால் அது வேறு கதை. என் மகளுக்கு இரண்டுமே இல்லை.

நர்சிங் படிக்கும் என் நாத்தனார் மகள் ஒரு பழைய சங்கதி சொன்னாள். 1934ல் நியூயார்க்கில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்களாம். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மீதி 389 பேரில் 174 பேருக்கு எடுக்கணும் என்றார்கள் டாக்டர்கள். 'வேண்டாம்' என்று தள்ளிய 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினால், அதிலும் 99 பேருக்கு எடுக்கணுமாம்! கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

கேஸ் ஷீட் நகல் கேட்டு அலைந்தேன். "அதெல்லாம் தர மாட்டோம்" என்று விரட்டினார் கிளார்க். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்று 2002லேயே விதி இருப்பது அப்போது தெரியாது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்தில் வராது என்று 1995லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாம். மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். கூலி வேலைக்குப் போகிற அப்பா, அம்மா எத்தனை நாள் அலைவார்கள்? காசு வாங்கவில்லை என்பதற்காகக் கேள்வியும் கேட்கக் கூடாதா?

அரசு டாக்டர்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. என் பிரசவம் இரண்டும் அங்கேதான் நடந்தது. ஏன் இந்த ஆபரேஷன், எத்தனை தடவை நோய் வந்தது என்று அந்த ஃபாரத்திலேயே தமிழில் எழுதி, டாக்டரும் கையெழுத்து போடட்டும். நாம் மட்டும்தான் போடணுமா?

போன வருஷம் மகனுக்கும் அதையே சொன்னார்கள். "காரணத்தைச் சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர்" என்றேன். பேனாவை எடுத்தவர், கொஞ்சம் யோசித்து, "சரிம்மா, ஆறு மாசம் பார்ப்போம்" என்று மாத்திரை மட்டும் எழுதினார். அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் வந்தது.

- ஒரு வாசகி, தேனி மாவட்டம்.